உதிராப்பூ

ஒரு பூவுக்கு ஒரு லட்ச ரூபாய் தருகிறேன் என்றார் சிவசங்கர். அந்தப் பணத்துக்கு 1991-ல் ஒரகடம் கூட்டுரோட்டுப் பக்கம் கிணறும் மோட்டாருமாக மூன்று ஏக்கர் வாங்கி, பத்திரச் செலவு போக மிச்சத்தில் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலிலேயே பத்துப் பேருக்குப் பிரியாணியும் போடலாம். நடேசன் முகத்தைச் சுளித்துக்கொண்டான். விலைசொல்ல முடியாத சரக்குக்கு முதலில் விலை சொல்பவன்தான் தோற்றவன் என்று, மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசிய அவன் அப்பா அவனுக்கு மீசை முளைக்கும் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார்.

"பூவுக்கு சரி. அதப் பறிக்கப் போறவன் உசுருக்கு இன்னா போடுவீங்க?" என்று கேட்டான்.

பேரத்துக்காகக் கேட்டதுதான். சிவசங்கர் மெட்ராஸிலிருந்து வெளிநாட்டுக்குச் செடிகொடிகள் அனுப்புகிறவர். இந்த மாதிரிப் பேச்சை நிறையக் கேட்டவர். சிரித்துவிட்டு இருபதாயிரம் அட்வான்ஸ் வைத்துவிட்டுப் போனார்.

அது ஐப்பசி ஆரம்பத்தில். இப்போது பூ வீட்டில் இருந்தது. படுக்கையறையில், பீரோ மேலே, ஒரு பிஸ்கட் டின்னுக்குள், குவாரி மண்ணில் நட்டு. பறித்தவன்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து, மழைக்கு முந்தைய புழுக்கத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடேசன் டின்னை இறக்கித் திறந்தபோது, இதழ் ஒன்று மண்ணில் கிடந்தது.

அப்படிக் கிடக்க வழியே இல்லை. அது பூக்கிற குன்று அவன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு வயல் தாண்டித்தான் இருந்தது; சின்ன வயதிலிருந்தே அவன் கேட்ட கதைகளில் அந்தப் பூ உதிர்ந்ததே இல்லை. எட்டியான் குன்றின் மூன்று பக்கத்தை ஜல்லிக்காரர்கள் வெட்டித் தின்றுவிட்டார்கள். நாலாவது பக்கம் மட்டும் நாலு பனை உயரத்துக்குச் செங்குத்தாக, வேட்டு வைக்க இடம் கொடுக்காமல், வயிற்றை முன்னே தள்ளிக்கொண்டு நின்றது. அந்தச் செங்குத்தின் வெடிப்புகளில், எல்லா வருஷமும் இல்லாமல் எப்போதோ ஒரு மழைக்காலத்தில், ஈரல் நிறத்தில், தோல்போலத் தடித்த இதழ்களோடு பூக்கும். வாடும், கருகும், காம்பிலேயே காய்ந்து கல்லாகும். ஒரு இதழ்கூடக் கீழே விழாது. குவாரிக்காரர்கள் அதனால்தான் அதை உதிராப்பூ என்றார்கள். சிவசங்கர் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார். வேர் அறாமல் வேண்டும், இதழ் ஒன்று குறைந்தாலும் சரக்கு செல்லாது என்பதை மட்டும் வாயில் நுழைகிற மாதிரி சொன்னார்.

ரத்னா கை வைத்திருப்பாளோ என்று அவன் சமையலறைப் பக்கம் காது கொடுத்தான். அங்கே பாத்திரம் கழுவும் சத்தம். டின்னுக்குள் குனிந்தான். ஈரக் கல்லின் வாசனை, வேட்டு மருந்தின் வாசனை, அதற்கும் அடியில் எங்கேயோ கருகிய மயிர் வாசனை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது இதழ் காம்பிலிருந்து கழன்றது.

பொத்.

இதழ் விழுந்தால் சத்தமே கேட்கக் கூடாது. இந்தச் சத்தத்தில் எடை இருந்தது, ஈரம் இருந்தது, நாலு பனை உயரம் இருந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. இந்தச் சத்தத்தை நடேசன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறான்.

அந்தக் குவாரியில் ஒரு வழக்கம் உண்டு. பாறையில் கயிறு கட்டித் தொங்கி வேலை செய்கிறவனுக்கு, மேலே நின்று கயிறு பிடிக்கிறவன் அவன் பெண்டாட்டியோடு பிறந்தவனாகத்தான் இருக்கவேண்டும். கயிற்றை விட்டால் தன் தங்கையின் தாலி அறும் என்று தெரிந்தவன் கை வழுக்காது. அதுதான் கணக்கு. தொங்குகிறவனுடைய சொந்த அண்ணன் தம்பிகள் அந்தக் கயிற்றைத் தொடக்கூடாது. பங்காளி என்றால் பங்கு உண்டு, பங்கு உண்டென்றால் நினைப்பு உண்டு. கல்யாணமாகாதவன் தொங்கவே கூடாது. அவனுக்குக் கயிறு பிடிக்க உலகத்தில் ஆளே கிடையாது.

பலராமன் கல்யாணமாகாதவன். ரத்னாவின் அண்ணன். குவாரியில் தரையில் நின்று பாறைக்குத் துளை போடுகிற வேலை அவனுக்கு. அப்பா அம்மா போன பிறகு பிள்ளைப்பாக்கத்து ஏழு ஏக்கர் அவன் பேருக்கு வந்திருந்தது. கம்பெனிக்காரர்கள் அம்பாசடரில் நிலம் பார்க்க வந்துகொண்டிருந்த சமயம். படப்பையில் நிலத்தரகு செய்கிற நடேசன் ஒவ்வொரு பார்ட்டியாகக் கொண்டுபோய் நிறுத்தினான். பலராமன் ஒவ்வொருவருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினான். விற்க மாட்டானாம். அவனுக்குப் பிறகு அந்த நிலம் ரத்னாவுக்கு. ரத்னாவுக்கு என்றால் யாருக்கு என்று நடேசனுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

பூப்பணத்தில் பாதி உனக்கு மச்சான் என்றதும் பலராமன் சம்மதித்துவிட்டான். யார் கயிறு பிடிப்பது என்று மட்டும் கேட்டான். நான் இல்லையா என்றான் நடேசன், உன் தங்கையைக் கட்டினவன், வழக்கப்படி நெருங்கின சொந்தம். ஆசை வந்துவிட்டால் துணியின் முன்பக்கம் பின்பக்கம் தெரியாது. தங்கை புருஷனுக்காக அண்ணன் பிடிப்பதுதான் வழக்கம். அண்ணனுக்காகத் தங்கை புருஷன் பிடித்தால், கீழே இருப்பவன் விழுந்தாலும் மேலே இருப்பவன் வீட்டில் எந்தத் தாலியும் அறாது. பலராமன் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

குவாரிக்கு லீவு நாள். பாறை உச்சியில் கடப்பாரையை அடித்து, கயிற்றை அதில் இரண்டு சுற்று சுற்றி, நடேசன் அவனை இறக்கினான். காற்றில் குரல் சரியாகக் கேட்காது; கயிறுதான் பேசும். ஒரு இழுப்பு என்றால் இறக்கு. இரண்டு என்றால் ஏற்று. மூன்று என்றால் பிடித்துக்கொள், விடாதே. பலராமன் பூவை வேரோடு எடுத்துக் கூடையில் வைத்துத் தனிக் கயிற்றில் மேலே அனுப்பினான். கீழே இன்னொன்று இருக்கிறது மாப்ள என்று காற்றுக்கு நடுவே கத்தினான். பிறகு இரண்டு இழுப்பு வந்தது. நடேசன் கடப்பாரையிலிருந்த சுற்றுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கயிற்றின் பிடி மாறியது கீழே தெரிந்திருக்கவேண்டும். மூன்று இழுப்பு. மறுபடி மூன்று. மறுபடி மூன்று, கடன்காரன் கதவு தட்டுகிற அவசரத்தில். நடேசன் கையைத் திறந்தான்.

கீழே போய்ப் பார்த்தபோது, இடுப்புக்குக் கீழே பலராமன் மனுஷன் மாதிரியே இல்லை. இடுப்புக்கு மேலே உயிர் இருந்தது. இரண்டு கையும் கயிற்றைப் பிடித்தபடியே இருந்தன. கண் நடேசனைத் தேடியது. நடேசன் பக்கத்தில் ஒரு கல்லைத் தேடினான். குவாரியில் கல்லுக்கா பஞ்சம்? முதல் அடி சரியாக விழவில்லை. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது தேவையே இல்லை, ஆனாலும் போட்டான். சுடுகாட்டில் அந்தக் கைகளைப் பிரிக்க எத்தனையோ பேர் முயன்றும் முடியாமல், கயிற்றோடு சேர்த்தே எரித்தார்கள்.

ரத்னா அன்றைக்கு அழுதாள். அதற்குப் பிறகு அழவில்லை. சோறு போடும்போதும், கூந்தல் முடியும்போதும், ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தாள்: அண்ணன் எத்தனை தடவை இழுத்தது? ஒரே ஒரு தடவை, இறக்கச் சொல்லி, இறக்கும்போது கயிறு கையை விட்டு நழுவிவிட்டது என்று நடேசன் ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் சொன்னான். குவாரியில் வளர்ந்தவள் அவள். தலையை ஆட்டுவாள். அடுத்த வேளைக்கு மறுபடி கேட்பாள்.

பொத். டின்னுக்குள் மூன்றாவது.

சிவசங்கர் நாளைக் காலையில் வருகிறார். அட்வான்ஸ் இருபதாயிரமும் விபத்து விபத்தாகவே இருப்பதற்காக ஆளுக்குக் கொஞ்சமாகப் போய்விட்டது. லட்சம் போனால்கூட மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் சிவசங்கர் சும்மா போகிற ஆள் இல்லை. பணம் எங்கே என்று சத்தம் போடுவார், பூ எங்கே என்பார், பூ பறிக்கப் போனவன் எங்கே என்று நாலு பேர் கேட்பார்கள், விழுந்து செத்தவன் நெற்றி எப்படி மூன்று இடத்தில் உடைந்தது என்று ஐந்தாவது ஆள் கேட்பான். இனிமேல் பேரம் பூவுக்கு நடக்கவில்லை. நடேசன் கழுத்துக்கு நடந்தது.

கீழே இன்னொன்று இருக்கிறது என்று பலராமனே சொல்லியிருந்தான்.

நடேசன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். குவாரியில் கயிறு என்றால் யாக்கோபு. கயிறுகளை வாடகைக்கு விடுகிறவன். நல்ல வாயாடி, நாலணாவுக்கு நாள் முழுக்கப் பேசுவான். சர்ச்சுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். நடேசன் இறங்கப் போவதைச் சொன்னதும், எதற்கு என்று கேட்காமல், கயிற்றுக்கு ஐநூறு என்றான். பத்து ரூபாய் வாடகைக் கயிறு. நடேசன் இருந்த அவசரத்தில் பேரம் பேசாமலே எடுத்துக் கொடுத்தான். கூட வந்து பிடித்தால் இரண்டாயிரம் என்றான். பிறகு அவனே ஐயாயிரத்துக்கு ஏற்றினான். யாக்கோபு வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பினான்.

"கயித்துக்கு வாடக கீது ப்ரோக்கரே, கைக்கு இல்ல. துட்டுக்குப் புடிக்கிறவன், இன்னொருத்தன் கூட ரெண்டு ரூபா குடுத்தான்னா வுட்டுடுவான்."

"அப்ப யாருதான்யா புடிக்கிறது?"

"ஒனுக்குப் புடிக்க ஊர்லயே ஒரே ஒரு ஆளு இருந்தான். ரத்னாவோட அண்ணன். அவன நீயே கீழ வுட்டுட்ட, நான் இன்னா பண்ண?" என்றான் யாக்கோபு. கயிற்றை உதறிச் சுருட்டிக் கொடுத்தான். தெருமுனை திரும்பும்வரை அவன் சிரிப்பது நடேசனுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக் கொல்லைப்புறமாகப் போனால்தான் குன்றுக்கு வழி. கடப்பாரையை எடுக்கும்போது ரத்னா சமையலறை வாசலில் நின்றாள். அவன் தோளில் கிடந்த கயிற்றைப் பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. மேற்கே மேகம் ஈயம் பூசிய மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது, ஹைவே பக்கம் லாரிகள் போலீஸ் செக்கிங்குக்காக வரிசையில் நின்று புகைந்துகொண்டிருந்தன, காற்றில் ஏரித் தண்ணீரும் டீசலும் கலந்து வீசியது, தூரத்தில் பலராமனின் ஏழு ஏக்கர் இருக்கிற திசையில் எவனோ மாட்டை அதட்டுகிற குரல் மெலிசாகக் கேட்டது. கடப்பாரையைப் பாறை வெடிப்பில் அடித்து இறக்கினான். கயிற்றின் ஒரு முனையை அதில் முடிந்தான், மறுமுனையை இடுப்பில் முடிந்தான். இரும்புக்குத் தங்கை கிடையாது. அதே சமயம் பேராசையும் கிடையாது. எல்லோரையும்விட இரும்பு யோக்கியன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கயிற்றைப் பற்றி, பாறையில் பாதத்தை அழுத்தி, பின்பக்கமாக இறங்கத் தொடங்கினான்.

பாறை ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. மாட்டின் விலாவைத் தொடுகிற மாதிரி. இறங்க இறங்க, இடுப்புக்கும் கைக்கும் நடுவே கயிற்றின் மிச்சம் வளையமாகக் கீழே தொங்கியது. அது காற்றில் ஆடிப் பாறையில் உரசுகிற சத்தம், யாரோ செருப்பில்லாமல் பக்கத்திலேயே நடந்து வருகிற மாதிரி இருந்தது. பாறையின் வயிறு முன்னே தள்ளிய இடத்தைத் தாண்டியதும் உச்சி மறைந்துபோனது. கடப்பாரை தெரியவில்லை. வானம் மட்டும், கிழிந்த சாக்கு மாதிரி.

பலராமன் பொய் சொல்லவில்லை. கை எட்டும் தூரத்தில் இரண்டாவது பூ இருந்தது. முதலாவதைவிடப் பெரியது, ஈரல் நிறத்தில், மழைக்குக் காத்துக்கொண்டு. நடேசன் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையின் விரல்களை வெடிப்புக்குள் விட்டு வேரைத் தோண்டினான். வேர் விடவில்லை. நகம் பெயர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். ஒரு நகம், இன்னொரு நகம், பிறகு பூ கையோடு வந்தது, வந்த வேகத்தில் கால் வழுக்கியது, கயிறு பிடித்த கை தானாகத் திறந்துகொண்டது.

அவன் விழவில்லை.

விழுந்திருக்க வேண்டும். கீழே தொங்கிய வளையம் முழுதும் நிமிர்ந்து, முதுகெலும்பு ஒடிகிற மாதிரி ஒரு வெட்டு வெட்டியிருக்க வேண்டும். ஒரு முழம் இறங்கினான், மெத்தென்று நின்றான். இடுப்பைத் தடவிப் பார்த்தான். வளையம் இல்லை. அவன் பூவைத் தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ அந்தத் தளர்வை எல்லாம் மேலே சுருட்டி எடுத்திருந்தார்கள். கயிறு விறைப்பாக நின்றது. இரும்பில் முடிந்த கயிறு மாதிரி இல்லை. மூச்சு விடுகிற மாதிரி லேசாக ஏறி லேசாக இறங்கியது.

யாக்கோபுதான் என்று நினைத்தான். ஐயாயிரத்துக்கு மசிந்துவிட்டான், வந்துவிட்டான். பூவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு சத்தமாகக் கூப்பிட்டான். பத்தாயிரம் தருகிறேன் என்றான். மேலே பதில் இல்லை. மழையின் முதல் துளிகள் விழுந்தன. அவற்றோடு ஒரு வாசனை இறங்கியது. நெய், வரட்டி, ஈரச் சாம்பல், கருகிய மயிர்.

கயிற்றை இரண்டு தடவை இழுத்தான். ஏற்று.

கயிறு ஏறியது.

வேகமாக ஏறியது. பாறையின் வயிறு அவன் முகத்துக்கு நேராக வந்தது. கையை முன்னே வைக்கக்கூட நேரமில்லை. வாய் பாறையில் மோதியது. முன்பல் உள்ளே போனது. கயிறு நிற்கவில்லை. மூக்கு, நெற்றி, மறுபடி வாய். பாறை மாவரைக்கிற கல்லாக, அவன் அரிசியாக, வயிற்று மேட்டைத் தாண்டி மேலே போனான். உச்சி விளிம்பு தெரிந்தது. இரத்தம் வழிந்த ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

கடப்பாரை பிடுங்கப்பட்டுக் கிடந்தது. விளிம்புக்கு மேலே இரண்டு கைகள். மணிக்கட்டு வரை தெரிந்தது. கறுப்பு. விறகு கறுப்பு. வெடித்த தோலுக்கு நடுவே கயிறு புதைந்து, எது கயிறு எது விரல் என்று பிரிக்க முடியாமல்.

நடேசன் அலறினான். கயிறு ஓடியது.

விழுந்தான். பாறை மேலே பறந்தது. தரை வரும் சத்தம் கேட்டது. தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது கயிறு நின்றது, மெத்தென்று, பாறையோரமாக ஊசலாடவிட்டு. வலது முழங்கால் ஒரு முனையில் மோதி எதிர்ப்பக்கமாக மடங்கியது.

பிறகு மறுபடி ஏறியது.

அப்போதுதான் நடேசனுக்குப் புரிந்தது. வழக்கம் இப்போதுதான் சரியான திசையில் நடக்கிறது. கட்டியவன் கீழே, பெண்டாட்டியின் அண்ணன் மேலே. அவன் விடமாட்டான். தங்கையின் தாலிக்காக விடமாட்டான். ஆனால் தாலிக்கு உயிர் மட்டும் போதும். முழு உடம்பு தேவையில்லை.

ஏறினான். மோதினான். விழுந்தான். நின்றான். கயிற்றைப் பிடிக்கப் போன இடது கை கயிற்றுக்கும் பாறைக்கும் நடுவே மாட்டியது. விரல்கள் வெற்றிலைக் காம்பு ஒடிகிற மாதிரி ஒவ்வொன்றாக ஒடிந்தன. மறுபடி ஏறினான். சட்டைக்குள் பூ நசுங்கி, நெஞ்சில் சூடாக ஒழுகியது. அது பூவின் ஈரமா தன்னுடையதா என்று தெரியவில்லை.

உச்சியில் வெளிச்சம் அசைந்தது. அரிக்கேன் விளக்கு.

"ரத்னா," என்றான். பல் இல்லாத வாயில் அது காற்றாக வந்தது. ரத்னா, ரத்னா.

அவள் விளிம்பில் வந்து நின்றாள். விளக்கை முதலில் அந்தக் கைகளுக்கு நேரே தூக்கினாள். அந்தக் கைகளுக்கு மேலே என்ன இருந்ததோ, அதை நெடுநேரம் பார்த்தாள். ஓடவில்லை. கத்தவில்லை. முந்தானையால் எதையோ துடைத்துவிட்டாள், சாம்பலையோ, மழையையோ. பிறகு கீழே குனிந்தாள்.

"அண்ணன் எத்தினி தடவ இழுத்துச்சி?"

"ஒண்ணு," என்றான். பழக்கத்தில் வந்துவிட்டது.

கயிறு ஓடியது. விழுந்தான். நின்றான். வலது கை கூர்க்கல்லில் இடித்து இரண்டு விரல் சொல்பேச்சுக் கேட்காமல் தொங்கின. ஏறினான்.

"எத்தினி தடவ?"

"ரெண்டு. ஏத்தச் சொல்லி. ரெண்டுதான், சத்தியமா."

விழுந்தான். இந்தத் தடவை விலா. உள்ளே எதுவோ முறிந்து எதையோ குத்தியது. ஏறினான். இரத்தத்தைத் துப்பினான். வாழ்க்கையில் முதல்தடவையாக, கேட்ட விலையைக் குறைக்காமல் கொடுத்தான்.

"மூணு. மூணு மூணா. நெறைய தடவ. நான் வுட்டுட்டேன். கீழ போயி கல்லால..."

மேலே சத்தமில்லை. கயிறும் அசையவில்லை. மழை மட்டும். அந்த அமைதியில் நடேசனுக்கு ஒரு தைரியம் வந்தது. வியாபாரிக்கு வரக்கூடாத நேரத்தில் வருகிற தைரியம். உண்மையைச் சொல்லியும் உயிரோடு தொங்குகிறான். என்ன சொன்னாலும் தொங்குவான். சரக்கின் பலவீனம் தெரிந்துவிட்டது. சிரிப்புகூட வந்தது. உடைந்த வாயை மேலே தூக்கி, கறுத்த கைகளைப் பார்த்துக் கத்தினான்.

"வுடமாட்டடா நீ. வுட முடியாது ஒன்னால. அவ கழுத்துல கீதுல்ல, அது கீற வரைக்கும் நீ புடிச்சிக்கினுதான் நிக்கணும்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

விளக்கு கீழே வைக்கப்பட்டது. ரத்னாவின் இரண்டு கையும் பிடரிக்குப் போனதை நிழலில் பார்த்தான். வேண்டாம் என்றான். ஏழு ஏக்கரும் உனக்கு என்றான். லட்சமும் உனக்கு என்றான். ஏதோ ஒன்று அவன் கன்னத்தை உரசிக்கொண்டு, மஞ்சள் வாசனையோடு, கீழே போனது. அது தரையைத் தொட்ட சத்தம் மிகச் சின்னதாக இருந்தது.

"வுட்டுடுண்ணா," என்றாள் ரத்னா.

நடேசன் கண்ணை மூடிக்கொண்டான். காத்திருந்தான்.

விழவில்லை.

கண்ணைத் திறந்தான். கறுத்த கைகள் திறக்கப் பார்த்தன. விரல்கள் நடுங்கின. முடியவில்லை. எரித்தும் பிரியாத கை. எப்படிப் பிரியும்?

வலது கை மட்டும் ஒரு சாண் கீழே வந்தது. கயிற்றிலேயே வழுக்கிக்கொண்டு. பிறகு இடது கை. முழங்கை. தோள். விளிம்பைத் தாண்டி ஒரு தலை, மூன்று இடத்தில் குழிந்த நெற்றி, தலைகீழாக. இடுப்பு வரைக்கும்தான் இருந்தது. இடுப்புக்குக் கீழே மழை. எதிலும் கட்டாத கயிறு, அவனுடைய எடைக்கு அசையாமல் விறைத்து நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், கைக்குக் கை, பாறையில் பல்லி மாதிரி பலராமன் இறங்கி வந்தான்.

மேலே விளக்கை எடுத்துக்கொண்டு ரத்னா போவது தெரிந்தது. வெளிச்சம் சுருங்கியது.

சாண். இன்னொரு சாண். கருகிய மூச்சு நெற்றியில் பட்டது. ஒரு கை கயிற்றை விட்டு நடேசன் தாடையைப் பிடித்தது. பிரிந்துவிட்டது. இதற்காக மட்டும் பிரிந்துவிட்டது. மெல்லத் திருப்பியது, மாட்டின் பல் பார்க்கிற மாதிரி, எங்கே தொடங்கலாம் என்று.

நடேசன் கண்ணை மூடவில்லை. கணக்குப் போட்டான். வேறெதுவும் அவனுக்குத் தெரியாது.

பல் நான்கு. இடது கை விரல் நான்கு. வலது கை விரல் இரண்டு. முழங்கால் ஒன்று. விலா மூன்று இருக்கும்.

இதெல்லாம் வரவு.

பாக்கி, மற்றதெல்லாம்.